எம்.எல்.ஐ.எஸ். (நூலகவியல் முதுநிலைப் படிப்பு) படிக்கிறீர்களா? வீட்டு அலமாரியைத் திறங்கள்

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டூயி தசம வகைப்பாட்டை நோட்ஸ் வைத்து மனப்பாடம் செய்தால் செய்முறைத் தேர்வில் கை ஓடாது. தினம் வீட்டிலிருக்கும் ஐந்து புத்தகங்களை எடுத்து, துண்டுச் சீட்டில் பென்சிலால் எண் போட்டுப் பாருங்கள். தமிழ் நாவலா, 894.8113. சமையல் புத்தகம் 641.5, அதுவே தமிழ்நாட்டுச் சமையல் என்றால் 641.59-உடன் இடத்துக்கான 5482 சேர்ந்து 641.595482. (அலமாரியைக் கலைத்ததற்கு அம்மா திட்டினால் நான் பொறுப்பல்ல.)

அப்புறம், நூலக நிர்வாகத்துக்கான கோஹா மென்பொருள் இலவசம்தான். பழைய லேப்டாப்பில் உபுண்டு இயங்குதளம் போட்டு கோஹாவை நிறுவி, அதே புத்தகங்களைப் பதிவு செய்யுங்கள். நூல் விவரங்களைப் பதியும் மார்க் 21 வடிவத்தில் ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245 என்ற புல எண்களெல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடும். நேர்காணலில் “கோஹா தெரியுமா?” என்று கேட்டால் லேப்டாப்பைத் திறந்தே காட்டலாம்.