சப்பாத்திக்குப் பழகிய கையும் பிஸ்கட் மாவும்

ஒரே தட்டில் வைத்த பன்னிரண்டு பிஸ்கட்டில் நாலு கருகி, மூன்று நடுவில் வேகாமல் கிடந்தால் பழி முதலில் ஓவன் மேல்தான் விழும். நானும் ரொம்ப நாள் சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சுடுவதற்கு முன்பே ஸ்கேலை வைத்து அளந்தபோதுதான் புரிந்தது: ஓர் ஓரம் 3 மில்லிமீட்டர், நடுவில் 6, எதிர் ஓரம் 4. 180 டிகிரியில் 3 மி.மீ. பிஸ்கட்டுக்கு எட்டு, ஒன்பது நிமிடம் போதும். 6 மி.மீ.க்குப் பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு எப்போது வெளியே எடுத்தாலும் ஏதோ ஒன்று கெட்டிருக்கும்.

நான் சொல்வது தேய்த்து, அச்சில் வெட்டி எடுக்கிற வெண்ணெய் பிஸ்கட்டைப் பற்றி. ஸ்காட்லாந்து ஷார்ட்பிரெட்டின் பழைய கணக்குதான் இதற்கும்: சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மைதா மூன்று. தண்ணீர் தனியாக ஊற்றுவதில்லை. அதனால் சப்பாத்தி மாவுக்கு இருக்கிற இழுவை இதற்குக் கிடையாது. அந்த மாவு அழுத்தினால் விரியும், விட்டால் கொஞ்சம் சுருங்கும், கட்டையோடு சேர்ந்து தானே சுற்றவும் செய்யும். அப்படியே மேடு பள்ளம் இருந்தாலும் கல்லில் உப்பி வரும்போது யாருக்கும் தெரியாது. பிஸ்கட் மாவோ அழுத்திய இடத்தில் அழுந்தி அப்படியே நிற்கும்.

நன்றாகச் சப்பாத்தி தேய்ப்பவர்களுக்குத்தான் இதில் கை தடுமாறுகிறது. நம் கை ஓரத்தைப் பார்த்து அழுத்தும். கட்டை விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும். பிஸ்கட் மாவில் அப்படி இறங்கினால் விளிம்பு காகிதமாகிவிடும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், விளிம்புக்கு ஒரு விரல் முன்னாலேயே கட்டையைத் தூக்கிவிடுங்கள். இரண்டு தள்ளலுக்கு ஒருமுறை மாவைக் கால்வட்டம் திருப்புங்கள். வலது கை பலமானவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் மெலியும் தொல்லை இதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தது கட்டை. வீட்டில் இருக்கும் சப்பாத்திக்கட்டை பெரும்பாலும் நடுவில் பருத்து ஓரங்களில் மெலிந்திருக்கும். வட்டம் தேய்க்க அது அருமை. அகலமான பிஸ்கட் மாவில் வாய்க்கால் வெட்டும். ஒரே தடிமனான உருளைக்கட்டை இல்லையென்றால், நேரான பக்கமுள்ள கண்ணாடி பாட்டிலைக் கழுவி, குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, இறுக்கமாக மூடி உருட்டலாம்.

கண்ணளவை நம்பாதீர்கள். பிளைவுட் கடையில் 6 மி.மீ. பலகைத் துண்டு கிடைக்கும். ஓரடி நீளத்தில் இரண்டு பட்டை அறுத்துத் தரச்சொல்லி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, மாவின் இரு பக்கமும் வையுங்கள். கட்டையின் இரு முனையும் பட்டைமேல் ஏறியதும் மாவு அதற்குக் கீழே இறங்காது. இங்கேயும் பருத்த சப்பாத்திக்கட்டை காலை வாரும்: முனைகள் பட்டைமேல் இருக்க, வயிறு மட்டும் மாவுக்குள் இறங்கிவிடும்.

குளிர்ச்சி விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. கோடையில் நம் சமையலறை 33, 34 டிகிரிக்குப் போகும். வெண்ணெய் உருகுவதும் ஏறக்குறைய அங்கேதான். மாவு கொழகொழத்து, தொட்ட இடமெல்லாம் பள்ளமாகும். சரி, ஃப்ரிட்ஜில் உருண்டையாக வைத்துவிட்டு எடுத்தால் கல். உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்த, ஓரம் இளகி மெலியும், நடு குளிர்ந்து தடித்தே நிற்கும். வெடிப்பும் விழும். ஆகவே வரிசையை மாற்றுங்கள். பிசைந்தவுடன், அரைக் கிலோவுக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரித்து, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே தேய்த்துவிடுங்கள். தேய்த்த பிறகு அரை மணி ஃப்ரிட்ஜ், அப்புறம் வெட்டு. உள்ளே வைக்கத் தட்டையான பலகை வேண்டும். நடுவில் குழிந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்தால் மாவும் குழிந்தே இறுகும்.

பேப்பர் சுருங்கினால் அந்தச் சுருக்கம் மாவில் கோடாகப் பதியும். நாலைந்து தள்ளலுக்கு ஒருமுறை மேல் தாளை உரித்து மறுபடி விரியுங்கள், மாவைக் கவிழ்த்து அடித்தாளையும் அப்படியே செய்யுங்கள். அவசரத்துக்கு அதிரசம் தட்டும் எண்ணெய்க் கவரை வெட்டிப் பயன்படுத்தலாம், ஓவனுக்குள் மட்டும் போகக்கூடாது. பேப்பர் இருந்தால் மாவு தூவவே வேண்டாம். தூவித் தூவித் தேய்த்த பிஸ்கட் வெளுத்து, வறண்டு போகும்.

வெட்டியதுபோக மிஞ்சிய துண்டுகளைப் பந்தாக உருட்டிப் பிசையாதீர்கள். வெண்ணெயிலேயே கொஞ்சம் தண்ணீர் உண்டு. பிசையப் பிசைய மைதாவில் இழுவை வந்துவிடும். அப்புறம் சுடும்போது பிஸ்கட் சுருங்கும். துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி வைத்து, விரலால் ஒட்டி, ஒரே ஒருமுறை தேய்க்கலாம். அதற்கு மேல் மிஞ்சுவது வீட்டுப் பிள்ளைகளுக்கு; கோணல் மாணலாகச் சுட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று: பேக்கிங் பவுடர் அதிகம் போட்ட மாவு எவ்வளவு சமமாகத் தேய்த்தாலும் உள்ளே போய்த் தன் இஷ்டத்துக்கு எழும்பும். அச்சு வெட்டுகிற மாவில் அதை நான் சேர்ப்பதேயில்லை.

வெட்டுவதற்கு முன், பல்குச்சியில் 6 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு, நாலு மூலையிலும் நடுவிலும் குத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் திரும்பத் தேய்த்து மாவைக் கெடுக்க வேண்டாம். மெலிந்தவற்றை ஒரு தட்டிலும் தடித்தவற்றை இன்னொரு தட்டிலும் அடுக்கி, மெலிந்த தட்டை மூன்று நிமிடம் முன்னதாக வெளியே எடுத்துவிடுங்கள்.