மேலதிகாரி தப்பான வேலையைச் செய்யச் சொன்னால் என்ன செய்வது?

அரசு வேலையில் கொஞ்ச காலம் இருந்த யாருக்கும் இந்த நாள் வராமல் போகாது. மேலதிகாரி கூப்பிடுவார், கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொல்வார், "இதை மட்டும் எப்படியாவது முடிச்சுக் கொடுத்துடுங்க" என்பார். வாயால்தான் சொல்வார், எழுதித் தர மாட்டார்.

எனக்கு அது வேலையில் சேர்ந்த நான்காம் வருடம் வந்தது. கடைசித் தேதி முடிந்து 6 நாள் கழித்து வந்த ஒரு விண்ணப்பத்தை, தபால் பதிவேட்டில் முந்தைய வாரத் தேதியில் ஏற்ற வேண்டும். அந்த வாரத்துப் பக்கத்தின் அடியில் ஒரு வரி காலியாக இருந்தது, அவர் அதை விரலால் தொட்டே காட்டினார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது ஒரு கேள்வி கேட்காமல் விடுப்பு கொடுத்தவர் அவர். அவருக்கு எப்படி முடியாது என்று சொல்வது?

இப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த அறைக்குள் பதில் சொல்லிவிடாதீர்கள். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது கஷ்டம், கோபத்தில் முடியாது என்று சொல்லிவிட்டால் விஷயம் உங்கள் இருவருக்கும் இடையிலான சண்டையாக மாறி, அசல் தப்பு பின்னுக்குப் போய்விடும். "கோப்பை ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன் சார்" என்று சொல்லி வெளியே வந்துவிடுங்கள். கேட்டது நியாயமான வேலையாக இருந்தால் கோப்பைப் பார்ப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

வெளியே வந்ததும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எனக்குப் பிடிக்காத வேலையா, விதிக்குப் புறம்பான வேலையா, இல்லை ஒருவருக்குக் கேடு செய்யும் குற்றமா? இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஒரு கொள்கை உங்களுக்கு முட்டாள்தனமாகத் தோன்றலாம், உங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவராமலும் இருக்கலாம், ஆனால் அது சட்டப்படியான கொள்கை என்றால் உங்கள் மறுப்பைக் குறிப்பில் பதிவு செய்துவிட்டு வேலையைச் செய்வதுதான் முறை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2015-ல் ஒரு கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) கிளார்க், ஒரே பாலினத்தவருக்குத் திருமண உரிமம் தரத் தன் மதநம்பிக்கை இடம் தரவில்லை என்று மறுத்தார். உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்த பிறகும் மறுத்ததால், நீதிமன்ற அவமதிப்புக்காக 5 நாள் சிறையில் இருந்தார். அவருடைய மனசாட்சி உண்மையானதாகவே இருந்திருக்கலாம், ஆனால் கவுன்டரின் அந்தப் பக்கம் நிற்கும் மனிதரின் உரிமையை நம் மனசாட்சியைக் காட்டி மறிக்க நமக்கு அதிகாரம் கிடையாது. அந்த வேலையைச் செய்யவே முடியாது என்றால் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம், வேலையை விடலாம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே வழியை அடைக்கக் கூடாது.

அடுத்து விசுவாசம். நம்மில் பலரை வாயடைக்க வைப்பது பயம்கூட இல்லை, செஞ்சோற்றுக் கடன் என்ற எண்ணம். சரி, அந்தச் சோறு யார் போட்டது என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் மேலதிகாரியின் பையிலிருந்து வரவில்லை, வரி கட்டும் மக்களிடமிருந்து வருகிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 1958-ல் அரசு ஊழியர்களுக்கென்று 10 அம்சங்கள் கொண்ட ஒரு நெறிமுறைத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் முதல் அம்சமே, ஆட்களுக்கும் கட்சிக்கும் துறைக்கும் காட்டும் விசுவாசத்தைவிட அறத்துக்கும் நாட்டுக்கும் காட்டும் விசுவாசம் மேலானது என்பதுதான். 15 வருடம் கழித்து அதே நாட்டில் அதற்குச் சோதனை வந்தது. 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு. தன் ஆட்களே சிக்கியிருந்த வாட்டர்கேட் ஊழலை விசாரித்த சிறப்பு வழக்கறிஞரை நீக்கச் சொன்னார் அதிபர் நிக்சன். அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த எலியட் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார், அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறினார். ரிச்சர்ட்சனை அந்தப் பதவியில் அமர்த்தியவரே நிக்சன்தான். ஆனாலும் அந்த விசாரணையில் தலையிட மாட்டேன் என்று செனட்டுக்குக் கொடுத்த வாக்கு அவருக்குப் பெரிதாக இருந்தது.

மேலதிகாரி செய்த உதவிக்கு நன்றியோடு இருங்கள், அவர் வீட்டு விசேஷத்துக்குப் போங்கள், அவருக்கு ஒரு கஷ்டம் என்றால் ஓடிப்போய் நில்லுங்கள். உங்கள் கையெழுத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வாய்மொழி உத்தரவை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர். "முடியாதுன்னு சொல்லாதீங்க தம்பி, கேட்டு எழுதுங்க" என்றார். நான் எழுதிய குறிப்பு இவ்வளவுதான்: "இவ்விண்ணப்பம் கடைசித் தேதிக்கு 6 நாட்கள் கழித்துப் பெறப்பட்டுள்ளது. தாமதத்தை ஏற்க விதிகளில் இடமுள்ளதா என்பது குறித்து ஆணை வேண்டிச் சமர்ப்பிக்கப்படுகிறது." அதில் குற்றச்சாட்டு இல்லை, அவர் என்ன கேட்டார் என்பதும் இல்லை, நடந்த உண்மை ஒரு வரி, கேள்வி ஒரு வரி. இந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டு "ஏற்கலாம்" என்று எழுதுகிற துணிச்சல் இருந்தால் அவர் பொறுப்பில் எழுதட்டும். பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

இது அடாவடி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பல நாடுகளில் இதுதான் சட்டம். இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் 3-ஆவது விதி, மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாகக் கிடைத்தால் ஊழியர் கூடிய சீக்கிரம் எழுத்தில் உறுதி கேட்க வேண்டும், கேட்டால் கொடுப்பது மேலதிகாரியின் கடமை என்கிறது. 2013-ல் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் வாய்மொழி உத்தரவுகளைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் இன்னும் தெளிவு: உத்தரவு சட்டப்படி சரியா என்று சந்தேகம் வந்தால் உடனடி மேலதிகாரியிடம் சொல்வது ஊழியரின் கடமை, அவர் விடாப்பிடியாக இருந்தால் அவருக்கு மேலே இருப்பவரிடம் சொல்ல வேண்டும், அவரும் உறுதி செய்தால் செய்தாக வேண்டும், ஆனால் பொறுப்பு உங்களுடையதாகாது. ஒரே விலக்கு, அது தண்டனைக்குரிய செயல் என்று உங்களுக்கே தெரிந்தாலோ மனித கண்ணியத்தைக் குலைத்தாலோ எத்தனை கையெழுத்து இருந்தாலும் செய்யக் கூடாது. நீங்கள் எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் உங்கள் நடத்தை விதிகளில் இதற்கு இணையான வரி இருக்கிறதா என்று இன்றே தேடிப் படித்து வையுங்கள், பிரச்சினை வந்த அன்றைக்குத் தேடாதீர்கள்.

அந்த விலக்குக்குள் வருகிற விஷயங்களில் குறிப்பு எழுதுவது போதாது. 1940-ல் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பான் துணைத் தூதராக இருந்தவர் சியூனே சுகிஹாரா. தூதரக வாசலில் விசா கேட்டு யூத அகதிகள் கூடியபோது அவரும் முதலில் டோக்கியோவிடம் முறையாக அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். அப்புறம் சில வாரங்களில் 2,000-க்கும் மேற்பட்ட விசாக்களைக் கையால் எழுதிக் கொடுத்தார். விதியை மீறுவதற்கு முன் விதிப்படி கேட்டார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். உயிர் போகிற விஷயத்தில், மறுத்துவிட்டார்களே என்று சும்மா இருந்துவிடவும் இல்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. படிப்படியாக மேலே போங்கள்: அடுத்த மேலதிகாரி, கண்காணிப்புப் பிரிவு, தணிக்கை, உங்கள் சங்கம், வழக்கறிஞர். நடந்ததைத் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகளோடு அன்றன்றைக்கே உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள், ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியதற்கு அந்த மதிப்பு இருக்காது. ஆனால் அலுவலகக் கோப்பையோ ரகசிய ஆவணத்தையோ வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், போனில் படமெடுத்து அனுப்பாதீர்கள். பிறகு நீங்கள்தான் குற்றவாளியாகி நிற்பீர்கள். பதவி விலகுவது என்று முடிவெடுத்தாலும் சுருக்கமாக எழுதுங்கள். 2003 மார்ச்சில் பிரிட்டன் வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகராக இருந்த எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், ஈராக் போர் சட்டவிரோதம் என்று கருதி விலகினார். சட்டக் காரணத்தைச் சில வரிகளில் எழுதிய கடிதம் அது, வசை எதுவும் இல்லை. பின்னாளில் அது வெளியானபோது அந்தச் சில வரிகளே போதுமானதாக இருந்தது.

வீட்டில் சொல்லிவிடுங்கள். இதைப் பலர் மறைக்கிறார்கள். இடமாற்றமோ சம்பளத் தடையோ வந்தால் அடி வாங்கப்போவது அவர்களும்தான், அவர்களுக்குத் தெரியாமல் வீரம் காட்டுவது அநியாயம். சில மாதச் செலவுக்குக் கையில் பணம் இருந்தால் மனசாட்சிக்குக் கொஞ்சம் தைரியம் வரும், இதை அனுபவத்தில் சொல்கிறேன். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் அந்தக் காரியத்தைத் தள்ளிவிடவே கூடாது. "நான் கையெழுத்துப் போடலை, அந்தப் பொண்ணுதான் போட்டது" என்று தப்பிப்பது முதல் தப்பைவிட மோசம்.

என் கோப்பு மூன்றாம் நாள் திரும்பி வந்தது. "விதிப்படி நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை, அதற்குப் பிறகு என்னைப் பழைய ஆவண அறைக்கு மாற்றினார்கள், 11 மாதம் தூசியில் இருந்தேன். கோப்பை அவருக்கு அனுப்பிய அன்று மாலையே அந்தக் காலி வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியோடு சுருக்கொப்பம் இட்டிருந்தேன். இப்போதும் பதிவேட்டில் ஒரு வரியைக்கூடக் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவதில்லை. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்லித் தருவதும் அந்தக் கோட்டை எப்படிப் போடுவது என்பதைத்தான்.