இதயப் பாடம் போன் திரையில் தெளிந்தது இப்படித்தான்

பத்தாம் வகுப்பு இதயப் படத்தில் ஒரே ஸ்லைடில் 14 பெயர்கள். மடிக்கணினியில் பளிச்சென்று இருந்தது, பிள்ளைகள் பார்ப்பதோ போனில். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி தெரிந்தது.

அதை 7 ஸ்லைடாகப் பிரித்தேன். பவர்பாயிண்ட்டில் முதல் ஸ்லைடை அப்படியே நகலெடுக்க வேண்டும். புதிதாகப் படம் வைத்தால் துளி விலகும், கண் உறுத்தும். ஒவ்வொன்றிலும் பேசும் பகுதிக்கு மட்டும் முழு நிறம், மற்றவை 70 சதவீதம் மங்கல். எழுத்து 32 பாயிண்ட்டுக்குக் குறையக் கூடாது.

இரத்த ஓட்டத்துக்கு ஒரு புள்ளி போதும். வலது ஏட்ரியம் (மேல் அறை), வலது வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை), நுரையீரல் என ஸ்லைடுக்கு ஸ்லைடு இடம் மாற்றி, ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் பொருளை நகர்த்திக் காட்டும் ‘மார்ஃப்’ வசதிக்கு 2 விநாடி கொடுத்தேன். முதலில் புள்ளி நகராமல் மறைந்து மறைந்து தோன்றியது. அது ஒரே பொருள்தான் என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. செலக்‌ஷன் பேனில் (ஸ்லைடில் உள்ள பொருள்களின் பெயர்ப்பட்டியல்) எல்லா ஸ்லைடிலும் புள்ளிக்கு ஒரே பெயர் வைத்து, பெயருக்கு முன்னால் இரண்டு ஆச்சரியக்குறி போட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஆக்சிஜன் குறைந்த இரத்தத்துக்கு நீலம் வேண்டாம். உடம்புக்குள் நீல இரத்தமே ஓடுகிறது என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். கருஞ்சிவப்பில் தொடங்கி, நுரையீரலைத் தாண்டியதும் பளீர்ச் சிவப்பாக மாற்றுங்கள். மார்ஃப் நிறத்தையும் சேர்த்தே மாற்றித் தரும்.

கடைசியில் 1080பி வீடியோவாக்கி ஏற்றினேன். ஸ்லைடாகவே அனுப்பினால் சில போன்களில் தமிழ் எழுத்துரு உடையும், மார்ஃபும் ஓடாது. வால்வு மூடும் நொடியில் ஹெச்5பி (வீடியோவுக்குள் கேள்வி வைக்க உதவும் கருவி) மூலம் நிறுத்தி ஒரு கேள்வி: ‘இது மூடாவிட்டால் இரத்தம் எந்தப் பக்கம் போகும்?’