கால் அகற்றப்பட்ட நாயை வீட்டில் தேற்றுவது எப்படி? முதன்முறை கவனிப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

எலும்புப் புற்றுநோய், விபத்தில் நொறுங்கிய எலும்பு, தோளிலிருந்து காலுக்குச் செல்லும் நரம்புகள் அறுந்துபோதல், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்று என ஏதோ ஒரு காரணத்தால் நாயின் காலை அகற்ற வேண்டி வரும்போது, அதை வளர்ப்பவரின் மனத்தில் முதலில் எழுவது, இனி இது எப்படி நடக்கும் என்ற கவலைதான். ஆனால் பெரும்பாலான நாய்கள் அறுவை முடிந்த ஓரிரு நாட்களுக்குள் மூன்று கால்களில் எழுந்து நின்று சில அடிகள் வைத்துவிடுகின்றன. அதிலும், வலிக்கும் காலைத் தூக்கிக்கொண்டே பல வாரங்களாக நொண்டி நடந்த நாய், அறுவைக்கு முன்பே மூன்று கால் நடையைப் பழகியிருக்கும். உண்மையான சிக்கல் வேறு: நாயின் துணிவு திரும்பும் வேகத்தில் அதன் புண் ஆறுவதில்லை. ஆகவே முதல் இரண்டு வாரங்களில் உங்கள் வேலை அதற்கு நடை பழக்குவதன்று. வழுக்காத தரையை அமைத்துத் தருவதும், வலி தலைதூக்காமல் பார்த்துக்கொள்வதும், அளவுக்கு மீறி ஓடியாடாமல் தடுப்பதும்தான்.

கீழே உள்ள படிகள் உங்கள் கால்நடை மருத்துவர் தந்த அறிவுரைகளுக்குத் துணையானவை. இரண்டும் எங்கேனும் முரண்பட்டால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

படி 1: நாய் வீடு திரும்பும் முன் தரையைத் தயார் செய்யுங்கள்

மூன்று கால் நாய்க்கு மிகப் பெரிய எதிரி வழுக்கும் தரை. நான்கு கால்கள் இருந்தபோது ஒரு கால் சறுக்கினாலும் மற்ற மூன்றும் உடலைத் தாங்கிக்கொண்டன. இப்போது ஒன்று சறுக்கினால் நாய் விழுந்துவிடும், அதுவும் பெரும்பாலும் தையல் போட்ட பக்கத்திலேயே விழும். ஒரு முறை மோசமாக விழுந்த நாய், புண்ணில் அடிபடுவதோடு, அந்த அறையில் எழுந்து நிற்கவே அஞ்சத் தொடங்குகிறது. எனவே படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரத்திற்கும், அங்கிருந்து வெளியே செல்லும் வாசலுக்கும் இடையே உள்ள பாதை முழுவதும், அடிப்பக்கம் ரப்பர் உள்ள விரிப்புகளையோ யோகா விரிப்புகளையோ இடைவெளியின்றி விரியுங்கள். மடிந்து சுருளும் துணி விரிப்பு, வெறும் தரையைவிட ஆபத்தானது.

வீடு முழுவதையும் மாற்றியமைக்கத் தேவையில்லை. ஒரே அறையைத் தேர்ந்தெடுத்து, படிக்கட்டுகளுக்குச் செல்லும் வழியை அடைத்து, தாவி ஏறக்கூடிய சோபா, கட்டில் முதலியவை அந்த அறையில் இல்லாதபடி பார்த்துக்கொண்டால் போதும். படுக்கை தடிமனாகவும் உறுதியாகவும் உயரம் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். மிகவும் மெத்தென்ற படுக்கையில் நாயின் உடல் புதைந்துவிடுவதால், அதிலிருந்து எழ அது படும் பாடு அதிகம். கூண்டில் வைப்பதாக இருந்தால், உள்ளே தடையின்றித் திரும்பிப் படுக்கும் அளவுக்கு அது அகலமாக இருக்க வேண்டும். அறுவைக்கு முன்பே நகங்களை வெட்டி, பாதத் திண்டுகளுக்கிடையே வளர்ந்துள்ள முடியையும் கத்தரித்துவிட்டால் பிடிமானம் நன்றாக இருக்கும்.

படி 2: அழைத்துவரும்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, கொடுக்க வேண்டிய நேரம், மருத்துவமனையில் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், அடுத்த வேளை எப்போது, தையல் பிரிக்கும் நாள், இரவில் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டில் இருவர் மாறிமாறிப் பார்த்துக்கொள்வதாக இருந்தால், கொடுத்த வேளையைக் குறித்து வைக்கும் பழக்கம் இரட்டை வேளை மருந்து உள்ளே போவதைத் தடுக்கும்.

புண்ணை முதன்முறை பார்க்கும்போது அதன் நீளம் உங்களை அதிரவைக்கலாம். முன்னங்கால் என்றால் பெரும்பாலும் தோள்பட்டை எலும்போடும், பின்னங்கால் என்றால் தொடையின் மேற்பகுதியிலோ இடுப்பு மூட்டிலோதான் அகற்றுவார்கள். குட்டையாக ஒரு துண்டை விட்டுவைத்தால் நாய் அதை ஊன்ற முயன்று மீண்டும் மீண்டும் காயப்படுத்திக்கொள்ளும் என்பதே காரணம். ஆகவே முடி மழிக்கப்பட்ட பரந்த பகுதியும் நீண்ட தையலும் இயல்பானவையே. மருத்துவமனையிலேயே அதைப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் வீக்கம் கூடுகிறதா, குறைகிறதா என்று ஒப்பிட அந்தப் படமே அளவுகோலாக இருக்கும்.

படி 3: முதல் இரவு

மயக்க மருந்தும் வலுவான வலிநிவாரணிகளும் உடலிலிருந்து முழுவதும் நீங்காத நிலையில், நாய் முனகலாம், காரணமின்றிக் குரைக்கலாம், உங்களை அடையாளம் தெரியாததுபோல் வெறித்துப் பார்க்கலாம். இது வலியாலும் வரும், மருந்தின் குழப்பத்தாலும் வரும். மெல்லப் பேசித் தடவிக் கொடுத்ததும் அடங்கினால் பெரும்பாலும் குழப்பம்தான். அடங்காமல் தொடர்ந்து கதறினாலோ, புண் பக்கம் கை சென்றாலே துடித்தாலோ, அதை வலியாகவே எடுத்துக்கொண்டு மருத்துவமனையை அழையுங்கள். வீட்டிலுள்ள மற்ற விலங்குகளை அன்று வேறு அறையில் விடுங்கள். யாரேனும் ஒருவர் அதே அறையில் படுப்பது நல்லது, ஏனெனில் நாய் நள்ளிரவில் எழ முயலும்போதுதான் துணை தேவைப்படும்.

படி 4: வலி மருந்தை வலி தெரிவதற்கு முன்பே கொடுங்கள்

இந்தப் படியில்தான் பலரும் தவறான முடிவெடுக்கிறார்கள். நாய் அமைதியாகப் படுத்திருக்கிறது, வாலை ஆட்டுகிறது, அதனால் மருந்து வேண்டாம் என்று ஒரு வேளையைத் தவிர்த்துவிடுகிறார்கள். நாய்கள் வலியை மறைப்பதில் தேர்ந்தவை. இடைவிடாமல் மூச்சிரைத்தல், நடுக்கம், படுக்க இடம் கொள்ளாமல் எழுவதும் அமர்வதுமாக இருத்தல், உணவை முகர்ந்துவிட்டு விலகுதல், காதுகளைப் பின்னே மடக்கிவைத்தல், தலையைத் தொங்கவிட்டபடி அசையாமல் நிற்றல் ஆகிய அனைத்தும் வலியின் அடையாளங்களே. ஒரு முறை வலி கிளம்பிவிட்டால் அதை அடக்க அதிக மருந்து தேவைப்படும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதே சரி. மருத்துவமனையில் ஊசியாகவோ தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையாகவோ கொடுத்த வலுவான மருந்தின் வேகம் குறையும் நாட்களில் நாய் திடீரென்று சோர்ந்து போகக்கூடும். அப்போது மருந்தை மாற்றியமைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகளை உணவோடு கொடுப்பது வயிற்றுக்கு நல்லது. அவற்றைக் கொடுக்கும் காலத்தில் வாந்தி, கருநிற மலம், உணவை முற்றிலும் மறுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். ஸ்டீராய்டு மருந்து ஏற்கெனவே கொடுத்து வருகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இரைப்பையிலோ குடலிலோ புண் ஏற்படக்கூடும். மனிதர்களுக்கான ஐபுபுரூஃபன், நாப்ராக்சன், பாராசிட்டமால் ஆகியவற்றை உங்கள் விருப்பப்படி ஒருபோதும் கொடுக்காதீர்கள். இவை நாய்களின் சிறுநீரகத்தையோ கல்லீரலையோ இரைப்பையையோ கடுமையாகத் தாக்கக்கூடியவை.

புண் நன்றாக ஆறிவரும் நிலையிலும், தூங்கிக்கொண்டிருந்த நாய் சட்டென்று அலறி எழுவதும், இல்லாத காலின் பக்கம் திரும்பிப் பார்ப்பதும், அந்த இடத்துத் தசை துடிப்பதும் உண்டு. வெட்டப்பட்ட நரம்புகளிலிருந்து எழும் வலி இது. சாதாரண வலிநிவாரணிகள் இதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை என்பதால், மருத்துவர்கள் கேபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்தைத் தருவதுண்டு. நடந்ததைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்து காட்டினால் அவர் எளிதில் புரிந்துகொள்வார்.

படி 5: புண்ணைக் காலையும் மாலையும் பாருங்கள், தொடாதீர்கள்

புண்ணைச் சுற்றி ஊதா நிறத்தில் கன்றியிருப்பதும், அந்த நிறம் சில நாட்களில் வயிற்றுப் பக்கமோ மற்ற காலை நோக்கியோ கீழிறங்குவதும் இயல்பு. காலை அகற்றிய வெற்றிடத்தில் நீர் கோத்து, தையலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய பலூன்போல் தொளதொளவென்று வீங்குவதும் அடிக்கடி நடப்பதே. அந்த நீரை உடல் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஊசியால் குத்தி வெளியேற்ற முயல வேண்டாம். கிருமி உள்ளே நுழைய அது வழி செய்துவிடும். இருப்பினும் வீக்கத்தின் படத்தை மருத்துவருக்கு அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், வீட்டிலுள்ள களிம்பு எதையும் தடவாதீர்கள். அவற்றுள் பல புதிய திசுவைச் சிதைக்கின்றன, மற்றவற்றை நாய் நக்கித் தின்றுவிடும். தையல் பிரிக்கும் வரை, அதாவது வழக்கமாக 10 முதல் 14 நாட்கள், குளிப்பாட்டவும் கூடாது. மருத்துவர் அனுமதித்தால் முதல் இரண்டு மூன்று நாட்கள், துணியில் சுற்றிய பனிக்கட்டிப் பையை ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் வீதம் வைத்தெடுக்கலாம். வீக்கமும் வலியும் குறையும்.

கழுத்தில் மாட்டும் கூம்பைப் பற்றி ஒரு சொல். அதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று கழற்றிவிடுபவர்கள் ஏராளம். ஆனால் சில நிமிட நக்கலிலேயே தையலைப் பிரித்துவிட ஒரு நாயால் முடியும். மூன்று கால்களில் சமநிலை பழகும் நாய்க்கு அகன்ற பிளாஸ்டிக் கூம்பு உண்மையிலேயே இடையூறுதான். அதனால் காற்றடைத்த கழுத்துப்பட்டையோ, உடல் முழுவதையும் மூடும் மேலுடையோ பொருந்துமா என்று கேளுங்கள். எதை மாட்டினாலும் நாயின் வாய் புண்ணை எட்டவில்லை என்பதை நேரில் சோதித்த பிறகே அதைத் தனியே விட வேண்டும்.

படி 6: தாங்கிப் பிடித்து வெளியே அழைத்துச் செல்லுங்கள்

நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களிலும் 40 விழுக்காட்டைப் பின்னங்கால்களிலும் தாங்குகிறது. ஆகவே பின்னங்காலை இழந்த நாய் விரைவாகவும், முன்னங்காலை இழந்த நாய் சற்றுத் தாமதமாகவும் சமநிலைக்கு வரும். பின்னங்கால் இல்லாத நாய்க்கு, நீளவாக்கில் மடித்த துவாலையை இடுப்புக்குச் சற்று முன்னே வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரு முனைகளையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடியுங்கள். ஆண் நாயானால் சிறுநீர் கழிக்கும் இடத்தைத் துவாலை அழுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முன்னங்கால் இல்லாத நாய்க்கு மார்பின் அடியில் தாங்க வேண்டும். கைப்பிடியுள்ள ஹார்னஸ் (உடலைச் சுற்றி மாட்டும் பட்டைக் கவசம்) வசதியானது என்றாலும், அதன் பட்டை தையலில் உரசினால் புண் ஆறும் வரை துவாலையே மேல். இரு நிலைகளிலும் நாயைத் தூக்கி நடத்தாதீர்கள். அது தன் எடையைத் தானே சுமக்கட்டும். விழப்போகும் நொடியில் மட்டும் உங்கள் கை இறுகினால் போதும்.

முதல் இரண்டு வாரங்களில் வெளியே செல்வது மலசலத்திற்கு மட்டுமே, அதுவும் எப்போதும் கயிற்றுடன். துள்ளி ஓடத் துடிக்கும் இளம் நாயை அடக்கமுடியவில்லை என்றால், அமைதிப்படுத்தும் மருந்து தர முடியுமா என்று மருத்துவரைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மலம் சில நாட்கள் வராமல் இருப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அறுவைக்கு முந்தைய பட்டினி, மயக்க மருந்து, குடலை மந்தமாக்கும் வலிநிவாரணி, மூன்று கால்களில் குந்தும் சிரமம் ஆகிய எல்லாம் சேர்ந்து அதைத் தாமதப்படுத்துகின்றன. சிறுநீர் விஷயம் அப்படியன்று. ஒரு நாள் முழுவதும் சிறுநீர் வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

படி 7: உணவு

முதல் ஓரிரு நாட்கள் பசி குறைவாகவே இருக்கும். வழக்கமான உணவை இளஞ்சூடாக்கி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். முன்னங்கால் இழந்த நாய் தலையைக் குனியும்போது முன்பக்கம் சரியும் என்பதால் பாத்திரத்தை மார்பு உயரத்திற்கு ஏற்றி வையுங்கள். பசி திரும்பிய பிறகு இரக்கத்தால் கூடுதலாகக் கொடுக்காமல் இருப்பதே கடினமான வேலை. ஓய்விலிருக்கும் நாய்க்கு முன்பைவிடக் குறைவான உணவே போதும்.

படி 8: உடனே அழைக்க வேண்டிய நிலைகள்

ஈறுகள் வெளிறிப்போதல், புண்ணிலிருந்து இரத்தம் சொட்டுதல், தையல் விரிதல், சீழ் அல்லது துர்நாற்றம், புண் சூடாகிச் சிவப்பு பரவுதல், ஓய்விலும் மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் மறுநாள் வரை தள்ளிப்போடாதீர்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மலவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கும்போது அது 39.4 டிகிரியைத் தாண்டி, நாயும் சோர்ந்திருந்தால் தொற்றாக இருக்கலாம்.

படி 9: தையல் பிரித்த பிறகு

புண் நன்றாக மூடிவிட்டதாக மருத்துவர் சொன்னதும், ஐந்து நிமிட நடையில் தொடங்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறையாகப் பிரித்து, வாரத்திற்குச் சில நிமிடங்கள் மட்டும் கூட்டுங்கள். மூன்று கால் நாய்க்கு மெதுவாக நடப்பதைவிடத் தத்தி ஓடுவதே எளிது. மெல்ல நடக்கும்போதுதான் தசைகள் உழைக்கின்றன. எனவே கயிற்றைத் தளர்த்தி ஓடவிடாமல் நிதானமாக அழைத்துச் செல்லுங்கள். நடுவழியில் அது அமர்ந்துவிட்டாலோ, மறுநாள் காலை விறைப்பாக எழுந்தாலோ, முந்தைய நாள் நடை அதிகமாகிவிட்டது என்று கொள்ளுங்கள்.

வீட்டிற்குள் எளிய பயிற்சி ஒன்று உண்டு. நாயை வழுக்காத விரிப்பில் நிற்கவைத்து, அதற்குப் பிடித்த தின்பண்டத்தை மூக்கருகே காட்டி, மெல்ல இடுப்புப் பக்கம் கொண்டுசெல்லுங்கள்; காலை நகர்த்தாமல் கழுத்தையும் முதுகையும் வளைத்து அது எட்டிப் பிடிக்க வேண்டும். இருபுறமும் சில முறை போதும், கால்கள் நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். கூடுதல் எடையைச் சுமக்கும் தோள், முதுகுத் தசைகளை உள்ளங்கையால் நீவிவிடுவதை நாய்கள் விரும்பி ஏற்கின்றன. வாய்ப்பிருந்தால், நாயை நீரில் நடக்கவோ நீந்தவோ வைத்துப் பயிற்சி தரும் மையத்திற்கு அழைத்துச் செல்லலாம்.

எலும்புப் புற்றுநோயால் காலை அகற்றியிருந்தால், அறுவை வலியைத் தீர்த்திருக்கிறதே தவிர நோயை முழுவதும் தீர்த்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் அது நுரையீரலுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு அதிகம். வேதிச் சிகிச்சை (கீமோதெரபி) கொடுப்பதாக இருந்தால் பெரும்பாலும் தையல் பிரிக்கும் சமயத்திலேயே தொடங்குவார்கள் என்பதால், அந்த முடிவை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

காரில் ஏறவும் இறங்கவும் சாய்தளப் பலகை ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து குதிக்கும்போது விழும் சுமை முழுவதும் முன்பக்கத்திற்கே வருவதால், முன்னங்கால் ஒன்றே உள்ள நாயின் மணிக்கட்டு மூட்டு விரைவில் தேயும். மாதத்திற்கு ஒரு முறை எடையைக் குறித்து, விலா எலும்புகள் விரலுக்கு எளிதில் தட்டுப்படுகின்றனவா என்று தடவிப் பாருங்கள். எஞ்சிய கால்களில் எதையேனும் ஊன்றத் தயங்கத் தொடங்கினால், அது சிறிய நொண்டலாக இருந்தாலும் அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.