இன்றைய செரோக்கி ஓவியத்தைப் பார்ப்பது எப்படி

அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஓவியம் என்றதும் கூம்பு வடிவத் தோல் கூடாரமும் நீண்ட இறகுத் தலையணியும் பலருடைய நினைவுக்கு வருகின்றன. இவை இரண்டும் வட அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள பெருஞ்சமவெளி மக்களுக்கு உரியவை. இன்னொரு பூர்வகுடியான செரோக்கியரின் மரபில் இவற்றுக்கு இடமில்லை. அப்பலாச்சிய மலைகளின் தென்பகுதியில், அடர்ந்த காடுகளுக்கும் ஆறுகளுக்கும் இடையே ஊர் அமைத்து, சோளம் பயிரிட்டு, முதலில் மண் பூசிய வீடுகளிலும் பின்னர் மரக்கட்டை வீடுகளிலும் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆகவே ஓவியத்தில் ஆண்கள் தலைப்பாகை கட்டியிருந்தாலோ, பெண்கள் பருத்தி உடை அணிந்திருந்தாலோ வியக்கவேண்டாம். வரலாற்றை அறிந்த ஓவியர் வரைந்திருக்கிறார் என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

அடுத்ததாக, படத்தின் அருகிலுள்ள குறிப்பில் ஓவியர் எந்தச் செரோக்கி அரசைச் சேர்ந்தவர் என்று பாருங்கள். அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட செரோக்கி அரசுகள், அதாவது பூர்வகுடித் தன்னாட்சி அமைப்புகள், மூன்று. செரோக்கி நேஷனும் யுனைடெட் கிட்டுவா பேண்டும் ஓக்லஹோமாவின் தாலெக்குவாவைத் தலைமையிடமாகக் கொண்டவை. ஈஸ்டர்ன் பேண்ட் வட கரோலினாவின் மலைகளில், பழைய தாயகத்தின் ஒரு பகுதியிலேயே இருக்கிறது. இந்தப் பிரிவுக்குக் காரணம் 1838–39இல் நடந்த கட்டாய வெளியேற்றம். 1835இல் செரோக்கியரில் ஒரு சிறு குழுவினர் மட்டும் கையெழுத்திட்டுத் தாயகத்தை விட்டுக்கொடுத்த உடன்படிக்கையைக் காட்டி ஏறத்தாழ 16,000 பேர் மேற்கே விரட்டப்பட்டனர். அவர்களில் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரே மலைத்தொடரை இழந்த ஊராக வரைவதற்கும் இன்றும் குடியிருக்கும் ஊராக வரைவதற்கும் உள்ள வேறுபாடு, குறிப்பைப் படித்த பிறகே பலருக்குத் தெரியவரும்.

இந்த வெளியேற்றத்தை வரைந்த படங்களின் முன் நிதானமாக நில்லுங்கள். செரோக்கி ஓவியர் கே வாக்கிங்ஸ்டிக் 2007இல் வரைந்த 'ஃபேர்வெல் டு த ஸ்மோக்கீஸ்' (ஸ்மோக்கி மலைகளுக்குப் பிரியாவிடை) என்ற ஓவியத்தில் கண் முதலில் மலைகளிடம்தான் செல்கிறது. அதன் பிறகே அடிவாரத்தில் வரிசையாக நடந்துசெல்லும் மிகச் சிறிய மனித உருவங்கள் தென்படுகின்றன. அழுகையோ காயமோ காட்டாமல், அளவின் வேறுபாட்டாலேயே இழப்பின் பேரளவைச் சொல்லிவிடும் இந்த முறை, என் கருத்தில், துயரக் காட்சிகளை நேரடியாகத் தீட்டுவதைவிட வலிமையானது. அவருடைய வேறு பல படங்களில் நிலக்காட்சியின் மேல் அந்தந்த நிலத்துப் பூர்வகுடியினரின் கைவினைக் கோலங்கள் படர்ந்திருக்கும். அவற்றை வெறும் அலங்காரமாகக் கருதாமல், நிலம் யாருடையது என்ற உரிமைக் குறிப்பாகவே பாருங்கள்.

படத்தில் எழுத்துகள் தென்பட்டால் அவசரப்பட்டு ஆங்கிலமாகப் படிக்கவேண்டாம். சீக்வோயா என்ற செரோக்கியர் தம் மொழிக்காக 1821இல் நிறைவுசெய்த, அசைக்கு ஓர் எழுத்தாக அமைந்த அசையெழுத்து முறையில் இன்று 85 எழுத்துகள் வழங்குகின்றன. அவற்றில் ஆங்கில 'டி' (D) போலத் தோன்றுவது 'அ' என்றும், 'டபிள்யூ' (W) போலத் தோன்றுவது 'லா' என்றும் ஒலிக்கும். எழுத்துப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால், பொருள் விளங்காவிட்டாலும் ஒலியையாவது கூட்டிப் படிக்க முடியும்.

வண்ணங்களுக்கும் மரபில் திசையும் பொருளும் உண்டு: கிழக்கின் சிவப்பு வெற்றியையும், தெற்கின் வெள்ளை அமைதியையும், வடக்கின் நீலம் தோல்வியையும் துன்பத்தையும், மேற்கின் கறுப்பு மரணத்தையும் குறிக்கும். ஏழு என்ற எண் செரோக்கியரின் ஏழு குலங்களை நினைவூட்டக்கூடும். ஆனால் எல்லா ஓவியர்களும் இந்த மரபைக் கையாள்வதில்லை என்பதால், படத்தின் பிற கூறுகளும் இதே பொருளைத் தாங்குகின்றனவா என்று சரிபார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். முதுகில் ஒரு சிறு கிண்ணத்தைச் சுமக்கும் சிலந்தியைக் கண்டால் ஐயம் வேண்டாம். தீவொன்றிலிருந்த மரப்பொந்திலிருந்து உலகின் முதல் நெருப்பைக் கொண்டுவந்த நீர்ச்சிலந்தி அது. பெரிய விலங்குகளும் பறவைகளும் தோற்ற இடத்தில் வென்ற இந்தச் சிற்றுயிரின் கதையைப் படித்துவிட்டுச் சென்றால் பல படங்கள் எளிதில் விளங்கும்.

1915இல் பிறந்த செசில் டிக் போன்ற முன்னோடிகளின் படங்களில் பின்னணி வெறுமையாகவும், வண்ணம் நிழலின்றித் தட்டையாகவும் இருக்கும். அது திறமைக் குறைவு அன்று. அக்காலப் பூர்வகுடி ஓவியர்கள் தேர்ந்துகொண்ட பாணி.

வாங்க விரும்பினால், ஓவியர் எந்த அரசின் பதிவுபெற்ற உறுப்பினர் என்று விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். பூர்வகுடியினர் செய்யாத ஒன்றை அவர்களுடையது என்று சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்குகிறது. 'செரோக்கி வம்சாவளி' என்ற மழுப்பலான விடை மட்டுமே கிடைத்தால் அந்தப் படத்தை வாங்காதீர்கள். வட கரோலினாவில் 1946இல் தொடங்கப்பட்ட குவாலா கலை கைவினைக் கூட்டுறவு போன்ற, உறுப்பினர்களின் படைப்புகளையே விற்கும் இடங்களை நாடுங்கள்.