லயத்தை மறைத்து வரைந்த வீடு: ஆர்க்கிடெக்ட் கனவில் இருக்கும் மலையகப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தலவாக்கலைப் பக்கமிருந்து பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சித்திரக் கொப்பியோடு வந்தாள். ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டுமாம். புரட்டிப் பார்த்தேன். புர்ஜ் கலிஃபா, சிட்னி ஒபரா மண்டபம், கொழும்புத் தாமரைக் கோபுரம். எல்லாம் போனைப் பார்த்து வரைந்தவை. கோடெல்லாம் படு சுத்தம். இன்று ஆர்க்கிடெக்டாக இருக்கும் என்னிடமும் அவள் வயதில் இதே கொப்பிதான் இருந்தது. தாமரைக் கோபுரத்துக்குப் பதில் உலக வர்த்தக மையம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நன்றாகப் படி, நேரத்தை வீணாக்காதே என்பதையெல்லாம் டீச்சர்மார் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

கணிதப் பிரிவு இல்லையென்றால் கதை முடிந்தது என்று நினைப்பது

ஏ.எல். எனும் உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்களுக்கு மட்டும்தான் கட்டடக்கலை என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இதற்கென்று தனியாக, நாட்டத்தைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சை வைக்கிறது. பாடங்களைத் தெரிவு செய்யும் முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலை நீங்களே வாசியுங்கள். பக்கத்து லயத்து அண்ணன் சொல்வது அவர் காலத்துக் கதையாக இருக்கும். அதற்காக ஓ.எல். எனும் சாதாரண தரக் கணக்கைக் கைகழுவிவிட முடியாது.

வீட்டை மறைப்பது

முதல் வருடம். "உங்கள் வீட்டை அளந்து வரைந்து வாருங்கள்" என்றார் விரிவுரையாளர். நான் பிறந்து வளர்ந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில். கூடப் படித்தவர்களோ கொழும்பு, கண்டிப் பிள்ளைகள். வெட்கம். மூன்று படுக்கையறை, கார் நிறுத்த ஒரு போர்ட்டிகோ என்று இல்லாத வீடொன்றைச் சமதரையில் வரைந்துகொண்டு போனேன்.

அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாசலில் எத்தனை படி?" என்றார். மூன்று என்றேன். "பின்பக்கம் மழைத்தண்ணி எங்கே போகும்?"

எனக்கு வாய் வரவில்லை. எங்கள் லயத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். பின்னால் மண்மேடு, அதன் அடியில் தண்ணீர் ஓடும் கான். மழைக்கு அந்தக் கான் அடைத்தால் தண்ணீர் சுவரோரமாக அறைக்குள் ஊறும். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. இடம் போதாமல் இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, பலகையால் அடைத்து அப்பா இன்னொரு அறையாக்கினார். நடுச்சுவர் கூரை வரை எழும்பாததால் பக்கத்து வீட்டு அடுப்புப் புகை எங்கள் கூரைக்குள் வரும், எங்கள் புகை அங்கே போகும். இது அத்தனையும் ஒரே வெட்டுமுகப் படத்தில் வந்திருக்கும். வெட்டுமுகம் என்பது வீட்டைக் கேக் மாதிரி குறுக்கே வெட்டிப் பக்கத்திலிருந்து பார்ப்பது. மலையில் கட்டுகிறவனுக்குத் தளப்படத்தை விட அதுதான் முக்கியம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது நினைவிருக்கும். மேடு எவ்வளவு செங்குத்து, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதெல்லாம் மேலிருந்து பார்க்கும் தளப்படத்தில் பிடிபடாது.

அந்தப் பாடத்தை அடுத்த வருடம் திரும்பச் செய்தேன். படிப்பே ஐந்து வருடம். எனக்கு ஆறு. வருடம் போனதைக் கூட மறந்துவிடலாம், பள்ளிக்காலம் முழுவதிலும் ஒருநாள் கூட டேப் பிடித்து எங்கள் வீட்டை அளக்கவில்லை என்பதுதான் இன்னமும் எரிச்சலாக இருக்கிறது. இன்றைக்கு என்னிடம் வருகிற பாதிப் பேர் ஏழு பேர்ச்சஸ் காணித்துண்டும் அதில் பாதி மண்மேடுமாகத்தான் வருகிறார்கள்.

கண்டியில் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தைச் செய்தபோது, குடிவரப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டுத்தான் வரைந்தார். நமக்கு அந்தக் கேள்விக்கொத்துக் கூடத் தேவையில்லை. பதில்களுக்கு நடுவில்தான் வளர்ந்தோம்.

சித்திரப் பாடத்தை விடுவது

விடாதீர்கள்.

ஆங்கிலத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது

விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். உங்கள் படத்தை எல்லோர் முன்னும் நின்று விளக்குவதும் ஆங்கிலத்தில்தான். இப்போதே ஆரம்பியுங்கள்.

பிந்திவிட்டது என்று பயப்படுவது

இலங்கையின் பெயர்பெற்ற ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா முதலில் வக்கீல். கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957-இல், 38 வயதில். கையில் காசிருந்த குடும்பம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரில் இருக்கும் கட்டடங்களைப் பார்க்காமலே பஸ் ஏறுவது

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் எல்லோரும் செல்பி எடுக்கிறார்கள். உருக்குக் கம்பி இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும் வைத்துக் கட்டி 1921 முதல் ரயிலைத் தாங்குகிறதே, எப்படி? வளைவைப் பார்த்து வரைந்தால் சுமை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கைக்கே தெரியும். தேயிலை ஸ்டோரும், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையும், அப்படித்தான். மேல்மாடி முழுக்க ஏன் வரிசையாக ஜன்னல் என்று கேட்டுப் பாருங்கள். கொழுந்து வாட்டக் காற்று வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு உருவம் கொடுத்தது காற்றுதான்.

அந்தப் பிள்ளையிடம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, "உங்க வீட்டு அடுப்பிலிருந்து கூரை எத்தனை அடிம்மா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். கோபமோ என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"மாமா, டேப் கூரை வரைக்கும் எட்டலயே, என்னா செய்ய?"

விளக்குமாற்றுக் கம்பில் கட்டச் சொன்னேன்.