சேலத்து வெயிலுக்கு எலுமிச்சையா, நாரத்தையா, ஆரஞ்சா?

சேலத்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்துவிட்டால் போதும், முதலில் வருவது கமலா ஆரஞ்சு ஆசைதான். ஏற்காடு போகிறவர்கள் ஒரு பை பழத்தோடு ஒரு கன்றையும் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்குகிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பொடக்காலிக்குப் புளிப்பு மரங்கள்தான் முதலில். இனிப்பு அப்புறம், அதுவும் தண்ணீர் நன்றாக இருந்தால்.

நான் ஊறுகாய் போட்டு விற்கிறவள். எலுமிச்சை, நாரத்தை, கடாரங்காய் மூன்றும் எனக்குப் பிழைப்பு. அந்தப் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை.

ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர். சேலம் 300 மீட்டர்கூட இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுதான் நடுவில், ஆனால் மரத்துக்கு அது வேறு நாடு. மேலே கமலா, காபித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் நிழலில் வளர்கிறது. ராத்திரி குளிர்ந்தால்தான் அதன் தோலில் பச்சை போய் ஆரஞ்சு நிறம் ஏறும். கீழே பழுத்தாலும் பச்சையாகவே தொங்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது பிஞ்சுகள் கொட்டிவிடும். மரம் செத்துப் போகாது, இலையும் கிளையுமாக நிற்கும். நிழலுக்கு வேண்டுமென்றால் வேப்பமரம் வைத்துக்கொள்ளலாமே.

பாலைவனத்திலேயே ஆரஞ்சு விளைகிறதே என்று என்னிடம் மடக்கினவர்கள் உண்டு. உண்மைதான். என் நாத்தனார் மகள் அமெரிக்காவில் அரிசோனாவில், ஃபீனிக்ஸில் இருக்கிறாள். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அங்கே மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். கோடையில் 43 டிகிரி சாதாரணம். அப்படியும் அவள் வீட்டுப் பின்பக்கத்தில் கிரேப் ஃபுரூட் காய்த்துத் தள்ளுகிறது. ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் வருகிறது, அது ஒன்று. பாலைவனத்துக்குக் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறது, அது இன்னொன்று. மார்கழி, தை ராத்திரிகள் அங்கே நன்றாகவே குளிரும், பழத்துக்கு நிறமும் வரும். நமக்கு மார்கழியிலும் ஒரு போர்வை போதும். ஆக, அவர்களுடைய பழத்தைப் பார்த்து ஆசைப்படாமல், வெயிலிலிருந்து மரத்தைக் காப்பாற்ற அவர்கள் செய்கிற இரண்டு வேலைகளைக் கற்றுக்கொள்ளலாம். அடிமரத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள். கீழ்க் கிளைகளை வெட்டாமல் தரையைத் தொடுகிற மாதிரி விட்டுவிடுகிறார்கள், அடிமரத்தில் வெயில் படாது. நம் ஆட்களோ, கீழே கூட்டிப் பெருக்க வசதி என்று இடுப்பு உயரம் வரை கிளையை வெட்டி விடுகிறார்கள். மேற்கு வெயில் பட்டுப் பட்டை வெடிக்கிறது.

கன்று வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். எலுமிச்சை இனம் முழுவதற்குமே உப்பு ஆகாது. வாளியில் வெள்ளைப் படிவு கட்டுகிறது, பருப்பு வேக நேரமாகிறது என்றால் உங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதோடு வாயில் வைத்தால் கரிக்கவும் செய்கிறது என்றால் சாத்துக்குடியை மறந்துவிடலாம். சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்க என்ன செய்ய வேண்டும் என்று அங்கே கேட்கலாம். அறிக்கையில் மின்கடத்துத் திறன் (EC) என்று ஓர் எண் வரும், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அது சொல்லும். தண்ணீருக்கு அது dS/m கணக்கில் 1-க்குள் இருந்தால் கவலை இல்லை. 2-ஐத் தாண்டினால் அந்த இடத்துக்குச் சப்போட்டாவோ நெல்லியோ பாருங்கள்.

முக்கியமான ஒன்று. வீட்டு ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று குழாய் போட்டு நேராக எலுமிச்சைப் பாத்திக்கு விடுகிறார்கள். நல்ல தண்ணீர் உங்கள் குடத்துக்குப் போனபின், மிச்ச உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அதை வைத்துத் தரை கழுவுங்கள், மரத்துக்கு விடாதீர்கள். துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் அப்படித்தான். அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர் தாராளமாக விடலாம். மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் இரண்டு குடம் மரத்துக்கும் ஒதுக்கினால் அது பெரிய உபகாரம்.

அடுத்து மண். எங்கள் வீடு மாமாங்கம் பக்கம், வெள்ளைக்கல் வெட்டுகிற குன்றுகளுக்குக் கிட்டே. தோண்டினால் மண்ணோடு வெளுத்த கல்லும் வரும். இந்த மாதிரி மண்ணிலும் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், கலந்த மண்ணிலும் காரத்தன்மை அதிகம். இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. கொழுந்து இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் தெரிந்தால் அதுதான் விஷயம். எருவை மேலும் மேலும் கொட்டிப் பயனில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட் என்ற கணக்கில் கரைத்து, துளிர் விடும் காலங்களில், அதாவது மார்ச், ஜூலை, அக்டோபரில், இலை நனையத் தெளிக்க வேண்டும். சாயங்காலம் தெளியுங்கள், உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். சுக்கான் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகரை ஊற்றிப் பாருங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் இருக்கிறது.

சரி, இப்போது மரங்கள்.

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் நாட்டு எலுமிச்சை, யோசிக்கவே வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 நன்றாகக் காய்க்கும். திருப்பதியிலிருந்து வந்த பாலாஜி என்ற ரகம் சொறி நோயை ஓரளவு தாங்கும். வீட்டு எலுமிச்சைக்கு மழைக்காலத்தில் வருகிற பெரிய தலைவலி அந்தச் சொறிதான், காயில் தவிட்டு நிறத்தில் தடித்த புள்ளிகளாக வரும். சாறுக்கு ஒன்றும் ஆகாது, ஊறுகாய்க்கு மட்டும் நான் அந்தக் காயை எடுக்க மாட்டேன். நாட்டு எலுமிச்சையை விதை போட்டும் வளர்க்கலாம், பெரும்பாலும் தாய் மரம் போலவே வரும். ஆனால் காய்க்க நாலைந்து வருஷம் ஆகும், முள்ளும் அதிகம்.

இப்போது நர்சரிகளில் விதையில்லா எலுமிச்சை என்று நீளமாக ஒன்று விற்கிறார்கள். காய் பெரிது, சாறு நிறைய. ஜூஸ் குடிக்கிற வீட்டுக்கு நல்லது. ஊறுகாய்க்கு எனக்குப் பிடிக்கவில்லை, தோலில் அந்த வாசம் இல்லை. வாசம் இல்லாத எலுமிச்சை ஊறுகாய் வெறும் உப்பும் காரமும்தான்.

இரண்டாவது மரத்துக்கு இடம் இருந்தால் நாரத்தை. ஏன் இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. வெயிலைத் தாங்கும், பராமரிப்புக் குறைவு, வீட்டுக்கு ஒரு மரமே அதிகம். காயைச் சுருள் சுருளாக வெட்டி உப்பு அடைத்து வெயிலில் காய வைத்தால் வருஷக் கணக்கில் இருக்கும். சேலத்து வெயிலுக்கு அதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியாது. காயே இல்லாத மாதத்திலும் கொழுந்து இலை இருக்கிறது. நடு நரம்பை உரித்துவிட்டு மிளகாய், ஓமம், புளி, உப்பு, பெருங்காயத்தோடு இடித்தால் வேப்பிலைக்கட்டி. தயிர் சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். கடாரங்காய் மரமும் இதே மாதிரி முரட்டு மரம்தான், ஆனால் கசப்பு பழகின வாய்க்கு மட்டும்.

சாத்துக்குடி வளர்க்கலாம், தண்ணீர் நன்றாக இருந்து இருபதடி இடைவெளி விட முடிந்தால். அதன் பழமும் நம் ஊரில் முழு மஞ்சளாகாது. நிறத்துக்குக் காத்திருக்காமல், பச்சை கொஞ்சம் வெளுத்து, கையில் கனமாக இருக்கும்போது ஒன்றைப் பறித்து ருசி பார்த்து முடிவு செய்யுங்கள். பம்ளிமாஸுக்கு வெயில் பிடிக்கும், ஆனால் மரம் பெரிதாகப் படரும். சின்ன வீட்டுக்கு அது ஒத்துவராது.

கன்று வாங்கும்போது நர்சரிக்காரர் காய் தொங்குகிற பையைத்தான் முன்னால் வைத்திருப்பார். அதை எடுக்காதீர்கள். பைக்குள்ளேயே காய்த்த கன்றின் வேர் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். அதைவிடச் சிறியதாக, நேராக, இலை நல்ல பச்சையாக இருப்பதை எடுங்கள். ஒட்டுக் கன்றென்றால் ஒட்டுக் கட்டின இடம் மண்ணிலிருந்து ஒரு ஜாணாவது மேலே இருக்க வேண்டும். எதன் மேல் ஒட்டினது என்று கேளுங்கள். ரங்பூர் எலுமிச்சை மேல் என்றால் நம் சுண்ணாம்பு மண்ணையும் உப்பையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். நிறையப் பேர் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார்கள், சில நர்சரிகளில் பதிலும் வராது. இலையைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளைக் கோடு கிறுக்கின மாதிரி இருந்தால் அது இலைத் துளைப்பான் பூச்சி, பெரிய விஷயம் இல்லை. மஞ்சள் வளையத்தோடு சொறிப் புள்ளி இருந்தாலும், இலையின் இரண்டு பாதியிலும் மஞ்சள் ஒரே மாதிரி இல்லாமல் திட்டுத் திட்டாக இருந்தாலும் அந்தக் கன்றைத் தொடாதீர்கள். இரண்டாவது சொன்னது பசுமையாதல் நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தே கிடையாது.

ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிற கிளையை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். சாத்துக்குடி வைத்த வீட்டில் சின்னச் சின்னதாக ஆரஞ்சு நிறத்தில் பயங்கரப் புளிப்பாக ஏதோ காய்க்கிறது என்று பேசிக்கொள்வதன் ரகசியம் அதுதான். கீழே இருந்த ரங்பூர் எலுமிச்சை மேலேறி, ஒட்டின சாத்துக்குடியை அமுக்கிவிட்டது.

நடுவதற்கு ஆடியிலிருந்து புரட்டாசி வரை நல்ல காலம், மழை கைகொடுக்கும். மாசிக்கு மேல் நட்டால் முதல் கோடையிலேயே கன்று திணறும். காலை வெயில் படுகிற கிழக்குப் பக்கம் நல்லது. மேற்கே பார்த்த சிமெண்ட் சுவரை ஒட்டி வைத்தால் சுவர் வாங்கின சூட்டை ராத்திரி வரை மரத்தின் மேல் விடும். இரண்டரை அடிக் குழி, மக்கின தொழு உரம், மேல்மண். ஒட்டு மண்ணுக்குள் போகவே கூடாது. எலுமிச்சைக்குச் சுற்றிலும் பதினைந்தடி இருந்தால் சௌகரியம்.

தண்ணீரைத் தினமும் ஒரு செம்பு ஊற்றுவதை விட்டுவிட்டு, நான்கைந்து நாளைக்கு ஒருமுறை வேர் ஆழம் வரை இறங்குகிற மாதிரி விடுங்கள். செம்புத் தண்ணீர் உப்பை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். நட்ட முதல் கோடையில் மட்டும் இன்னும் அடிக்கடி விட வேண்டும். பாத்தியை இரட்டை வளையமாகக் கட்டி, தண்ணீர் அடிமரத்தைத் தொடாமல் வெளி வளையத்தில் நிற்கும்படி செய்தால் பட்டை அழுகிப் பிசின் வடிகிற நோய் அண்டாது. தேங்காய் மட்டையும் சருகும் பாத்தியில் பரப்பலாம், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. மாசி பிறந்ததும் சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து அடிமரத்துக்கு அடித்துவிடுங்கள்.

இலையில் காக்கை எச்சம் மாதிரி ஏதாவது கிடந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். சிவந்த கொம்பு நீட்டி நாற்றம் விட்டால் அது புழு, ஒரு வாரத்தில் சின்னக் கன்றை மொட்டையடித்துவிடும். பொறுக்கிப் போட்டால் போதும், மருந்து வேண்டாம். கறிவேப்பிலைச் செடிக்கும் அதே புழு வரும் என்பதால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது.

மண்ணே இல்லாத அடுக்குமாடி வீட்டுக்குத் தொட்டியில் சைனா ஆரஞ்சு வைக்கலாம். புளிப்புதான், ரசத்துக்குப் பிழியலாம்.